இன்பசேகரனின் ஒப்புதல்

கையைத்தானே பார்க்கிறீர்கள்? பரவாயில்லை, பாருங்கள். டிக்கெட் கொடுக்கும்போது கண்டக்டரும் கேட்டான், "பைக்குல இருந்து உளுந்துட்டீங்களாண்ணா?" என்று. ஆமாம் என்று சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். எனக்குப் பொய் வராது. "ஒரு ஆளை அடிச்சேன். அவன் தலையைத் திருப்பிட்டான், குத்து இரும்புத் தூணுல பட்டிருச்சு" என்றேன். அதற்கப்புறம் அவன் இந்தப் பக்கமே வரவில்லை. மீதிச் சில்லறையைக்கூட நீங்கள்தான் வாங்கிக் கொடுத்தீர்கள்.

இல்லை, இல்லை, நீங்கள் ஜன்னலோரமாகவே இருங்கள். கட்டுப்போட்ட கை வெளிப்பக்கம் இருந்தால்தான் எனக்கு வசதி. உள்ளே இருந்தால் உங்களை இடித்துக்கொண்டே இருக்கும். யாரையும் இடிப்பது எனக்குப் பிடிக்காது.

தினமும் இந்த பஸ்தான். திருப்பூரில் ஏறி, கோயம்புத்தூர் போய், ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புகிறேன். ஜாமீன் நிபந்தனை. கையெழுத்து என்பது பேச்சுக்குத்தான், இந்தக் கையால் பேனா பிடிக்க முடியுமா? இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தி வைக்கிறேன். முப்பது வருடம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவன், கைநாட்டு வைக்கிறேன். ரைட்டர் முதல் நாள் சிரித்தார். இப்போது சிரிப்பதில்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார்.

இன்ஸ்பெக்டர்தான் கஷ்டப்பட்டார் பாவம். எதற்கு அடித்தாய் என்றார். மொழிச் சங்கத் தேர்தல் என்றேன். "எந்த மொழிய்யா? இந்திக்காரனையா அடிச்ச?" என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இல்லை சார், இது கம்ப்யூட்டருக்கு வேலை சொல்கிற மொழி, பெயர் ஹெரான் என்றேன். ஹெரான் என்றால் கொக்கு. எங்கள் சட்டையில் எல்லாம் கொக்கு படம் போட்டிருக்கும். உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் அதில் எழுதுகிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒன்பது பேர் கொண்ட நிர்வாகக் குழு, வருடத்துக்கு ஒரு தேர்தல். அதில் நான் நின்றேன். இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னேன்.

"சம்பளம் எவ்வளவு?"

"சம்பளம் கிடையாதுங்க சார்."

"காரு கீரு?"

"கிடையாதுங்க. மாசம் ஒரு மீட்டிங். அதுவும் வீடியோல."

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "இதுக்கா அந்தாளு விரலை உடைச்ச?" என்றார்.

நீங்களும் அப்படித்தான் பார்க்கிறீர்கள். உங்களுக்கு எப்படிச் சொல்வது? அந்தச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் ஒன்பது படம் இருக்கும். சின்னச் சின்ன வட்டத்துக்குள் ஒன்பது முகம். பத்துப் பன்னிரண்டு வருடமாக அந்த ஒன்பதையும் பார்த்துக்கொண்டே வந்தேன். ஐம்பத்து நாலு வயதில் கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பியது. ஒரு காலை நேரம், ஒரே ஒரு வீடியோ கால், நாற்பது பேரோடு சேர்த்து. அதற்குப் பிறகு எனக்கென்று இருந்தது அந்தக் கொக்கு மட்டும்தான். அந்த வட்டத்துக்குள் என் முகம் ஒருமுறை வந்துவிட்டால் போதும் என்றிருந்தது. பதவி ஆசை என்று சொல்லுங்கள், கோபப்பட மாட்டேன். நான் என்னையே கேட்டுக்கொள்கிறவன்.

இன்பசேகரன். அவன்தான் அடி வாங்கியவன். அடி என்றால்... சரி, அடி என்றே வைத்துக்கொள்வோம். எனக்கும் அவனுக்கும் இருபது வருடப் பழக்கம். கோயம்புத்தூர் ஹெரான் குழுவை நானும் அவனும் சேர்ந்துதான் ஆரம்பித்தோம். முதல் கூட்டத்துக்கு வந்தது நாலே பேர். அதில் ஒருத்தர் ஏசி மெக்கானிக், ரிப்பேருக்கு வந்தவர், பஜ்ஜிக்காக உட்கார்ந்துவிட்டார். அவனுக்கு நான் தெய்வம். தெய்வநாயகம் என்ற பெயரைச் சுருக்கி அப்படிக் கூப்பிடுவான். "ஏண்டா தெய்வம், வரம் தரமாட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கிண்டல் வேறு.

எங்கள் உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் மீதி புரியும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், தான் எழுதியதைத் தானே உள்ளே சேர்க்க முடியாது. இன்னொருவர் அதை வரிவரியாகப் படித்து, குறை இருந்தால் பக்கத்திலேயே எழுதி, எல்லாம் சரி என்று பட்ட பிறகு ஒரு பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அதுதான் ஒப்புதல். அவ்வளவும் ஊரறிய நடக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எழுதிய எதையும் யாரும் அழிப்பதில்லை. இருபது வருடமாக என்னுடையதை அவன் பார்ப்பான், அவனுடையதை நான் பார்ப்பேன். என் பெண்டாட்டிகூட என்னை அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

தேர்தலில் நிற்கிறவனும் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அதே மாதிரி போட வேண்டும். சொந்தக் குழுவிலிருந்து ஒருவர் ஒப்புதல் கொடுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், கேட்டால் மறுக்காதவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ஆனால் இன்பசேகரன் கொடுத்தால்தானே அது ஒப்புதல்?

அவன் கொடுக்கவில்லை. மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினான்: "இதில் கோகிலவாணியின் பெயரையும் சேர்க்கவும்."

மூன்றாவது வரி என்னவென்றால், இந்திய மொழிப் பெயர்களை அகரவரிசையில் அடுக்குகிற பகுதியை ஹெரானுக்கு எழுதிக் கொடுத்தவன் நான் என்பது. எனக்கு இருந்த பெரிய விஷயமே அதுதான். இன்றைக்கு ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகள் பெயர் வரிசையாக வருகிறதென்றால் அதற்குள் என் பகுதி ஓடிக்கொண்டிருக்கலாம்.

கோகிலவாணி யார் என்று கேட்கிறீர்களா? அவனுடைய மனைவி. நாலு வருடம் ஆகிறது போய்ச் சேர்ந்து. மார்பில் புற்று. நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். எம்.சி.ஏ. படித்தவள், பிள்ளை பிறந்த பிறகு வேலையை விட்டவள். அந்தப் பகுதியை அவளும் எழுதினாள். எழுதினாள் என்றால், அடித்தாள். சமையல்கட்டில் ஸ்டூல் போட்டு, குக்கர் விசில் அடிக்கிற சத்தத்தில் உட்கார்ந்து, ஆறேழு மாதம். எனக்கு மெயிலில் அனுப்புவாள். அவளுக்கு ஹெரான் தளத்தில் கணக்குக் கிடையாது, தொடங்கிக்கொள்ளச் சொன்னால் "எனக்கெதுக்குங்கண்ணா, நீங்களே போட்டிருங்க" என்பாள். நான் போட்டேன். என் பெயரில் போனது. அன்றைக்கு ஒப்புதல் பொத்தானை அழுத்தியவன் யார்? இதே இன்பசேகரன்தான்! அன்றைக்கு வலிக்கவில்லை. நான் நின்ற பிறகு வலிக்கிறதாம்.

போன் போட்டேன். "என்ன மாப்ளே இது, ஊர் பூரா பாக்குதுடா."

"பாக்கட்டும். ஒத்தை வரி. அவ பேரைச் சேத்திரு, அடுத்த நிமிசம் அழுத்தீர்றேன்."

"தேர்தல் முடியட்டும், அப்புறம் சேத்துக்கலாம்."

"அவளுக்குத் தேர்தல் கிடையாது தெய்வம். அவ செத்துட்டா."

எப்படிப் பேசுகிறான் பாருங்கள். செத்தவளை முன்னால் நிறுத்திவிட்டால் நான் என்ன பதில் பேச முடியும்?

அதற்கப்புறம் எழுத்தில்தான் சண்டை. அவன் ஒரு குறிப்பு, அதற்கடியில் நான் ஒரு பதில். நான் பத்து வரி எழுதினால் அவன் ஒரு வரி எழுதுவான். அந்த ஒரு வரிதான் கொல்லும். ஜெர்மனியிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் பக்கம் ஒருத்தன் வாய் திறக்கவில்லை. படித்துப் படித்துத் தலைக்குள் கொதிக்கும். வீட்டில் ஒரு தம்ளர் பறந்தது. சுவரைப் பார்த்துத்தான் எறிந்தேன். சுவருக்குப் பக்கத்தில் என் பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள், அது வேறு விஷயம். மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். போய்விட்டு வா என்றேன். இன்னும் வரவில்லை. புருவத்துக்கு மேல் சின்னக் கீறல்தான், தையல்கூடப் போடவில்லை.

நான் அடிக்கிற ஆளில்லை, நீங்கள் நம்ப வேண்டும். முன்பு ஒருமுறை பெங்களூர் மாநாட்டில் ஒரு பையனைத் தள்ளினேன் என்று சொல்வார்கள். தள்ளினேன், அவ்வளவுதான். பின்னால் படிக்கட்டு இருந்தது எனக்கெப்படித் தெரியும்?

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பீளமேட்டில் ஒரு கம்பெனி கேண்டீனில்தான் மாதாமாதம் எங்கள் கூட்டம். மேஜைகளை ஒதுக்கிவிட்டு, சுவரில் பெரிய திரை போட்டு, முப்பது முப்பத்தைந்து பேர் உட்காருவோம். பாதிப் பேர் காலேஜ் பிள்ளைகள், மீதி எங்களைப் போல நரைத்தவர்கள். அன்று மாலை ஆறு மணிக்குள் ஒப்புதல் விழ வேண்டும், இல்லையென்றால் நான் போட்டியிலேயே இல்லை. நான் போகும்போது மணி ஐந்து தாண்டிவிட்டது. இன்பசேகரன் முன் மேஜையில் உட்கார்ந்திருந்தான், அவனுடைய பழைய கனத்த லேப்டாப்போடு. அதைச் செங்கல் என்போம். கீழே விழுந்தால் தரைதான் உடையும். அது திரையோடு இணைந்திருந்தது. அவன் அடிப்பதெல்லாம் சுவரில் பெரிசாக விழும்.

நேராகப் போய் அவன் எதிரில் நின்றேன். திரை எனக்குப் பின்னால் இருந்தது. இது முக்கியம், மறந்துவிடாதீர்கள். திரை எனக்குப் பின்னால்.

"இன்பா, நேரமாச்சு. அழுத்து."

"உட்காரு தெய்வம். காப்பி குடி."

"காப்பி குடிக்க வரலை. எல்லாரும் இருக்காங்க. உன் மனசுல என்ன இருக்குன்னு இவங்க முன்னாடி சொல்லு."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. "அந்த மூணாவது வரியை நீயே சத்தமாப் படி. படிச்சுட்டு, இது சரின்னு சொல்லு. அது போதும் எனக்கு" என்றான்.

நான் என் போனில் எடுத்துப் படித்தேன். சத்தமாகவே படித்தேன். "சரிதான்" என்றேன்.

பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். இன்பசேகரன் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினான், இரண்டு கையையும் எடுத்து லேப்டாப்பில் வைத்தான், அடிக்க ஆரம்பித்தான். என்னைப் பார்க்கவே இல்லை. அந்த அலட்சியம் இருக்கிறதே! இருபது வருடப் பழக்கத்தை, என்னை நிற்க வைத்து, ஊர் பார்க்க, எழுத்தில் அறுத்துப் போடப் போகிறான் என்று தோன்றிவிட்டது. எனக்குப் பின்னால் இருந்த திரையைப் பார்த்து எல்லார் முகமும் மாறியது. ஒருத்தன் கைதட்டினான். அப்புறம் இரண்டு பேர், மூன்று பேர். என்னை வீழ்த்தியதற்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பது?

முதலில் நான் அவன் கையைப் பிடித்தேன், அவ்வளவுதான். மணிக்கட்டைப் பிடித்து, நிறுத்துடா என்றேன். அவன் "இருடா, முடிச்சுர்றேன்" என்று உதறினான். அந்த உதறல்தான். மூடியைப் பிடித்து ஓங்கி அடைத்தேன். அவனுடைய இரண்டு கையும் உள்ளே இருந்தன. கத்தினான். நான் மேலே கவிழ்ந்து முழங்கையால், முழு எடையையும் போட்டு அழுத்தினேன். திறந்து, மறுபடி அடைத்தேன். திறந்து, மறுபடி. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்திருக்கிறீர்களா? ஏறக்குறைய அந்தச் சத்தம். விரல்கள் நடுவில் இருந்ததால் மூடி முழுதாக மூடவில்லை. மூடாததால் திரையும் அணையவில்லை. சுவர் முழுக்க ஒரே எழுத்து, ஒரே எழுத்து, ஓடிக்கொண்டே இருந்ததாம். எழுத்து ஓடுகிற வரைக்கும் அவன் விரல் அந்தப் பொத்தானின் மேல் நசுங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முப்பது பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் வாந்தி எடுத்தாள் என்றார்கள்.

நாற்காலியோடு சாய்ந்து விழுந்தான். வலது கை தரையில் விரிந்து கிடந்தது. என் காலில் பூட்ஸ். அதை நான் வேண்டுமென்று வைத்தேனா என்று வக்கீல் கேட்டார். கால் எங்கேயாவது வைக்கத்தானே வேண்டும்? வைத்தேன். திருகினேன் என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. திரும்பும்போது கால் திருகத்தான் செய்யும். அப்புறம் முகத்தில் ஒன்று விட்டேன், அவன் தலையைத் திருப்பிக்கொண்டான், பின்னால் இரும்புத் தூண். என் கையும் போனது. ஆக, இரண்டு பேருக்கும் சேதம். அதை யாரும் சொல்வதில்லை.

நாலு பேர் சேர்ந்து என்னை இழுத்துப் போட்டு, மேலே உட்கார்ந்துகொண்டார்கள். அப்போதுதான், தரையில் கிடந்தபடி, முதல்முதலாகத் திரையைப் பார்த்தேன்.

இன்றைக்கும் அது அப்படியே இருக்கிறது. நான்தான் சொன்னேனே, எங்களிடம் எதையும் அழிக்கிற வழக்கமில்லை. நசுங்கினதில் அனுப்புகிற பொத்தானும் எப்போதோ அமுங்கியிருக்கிறது. "எனக்கு ஆட்சேபணை இல்லை. தெய்வம் நின்று ஜெயிக்கட்டும். கோகிலா இருந்திருந்தால் அவளும் இதைத்தான்" என்று இருக்கிறது. அதற்கப்புறம் மூன்று பக்கத்துக்கு ஒரே எழுத்து.

தலையை ஆட்டாதீர்கள். நானும் ஆட்டியவன்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவன் வாயால் சொல்லியிருக்கலாமே? "சரிடா, கொடுக்கிறேன்" என்று ஒரு வார்த்தை. எதிரில் நிற்கிறேன், முகம் பார்க்கத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் விரல் தப்பித்திருக்கும், என் கை தப்பித்திருக்கும். எல்லாவற்றையும் எழுதித்தான் சொல்வேன் என்றால்? அதுவும் பச்சைப் பொத்தானை அழுத்தவில்லை. ஆறு மணி ஆனது, ஒப்புதல் விழவில்லை, என் பெயர் போட்டியிலிருந்து நீங்கிவிட்டது. ஜாமீனில் வந்து பார்த்தேன். வட்டத்தில் வேறு ஒன்பது முகம்.

உள்ளே இருந்தபோது தூக்கம் வராது. என்னை நானே விசாரித்தேன். தெய்வநாயகம், நீ பொறாமைக்காரனா? இல்லை. கோபக்காரனா? ஓரளவு. வேலை போன ஆத்திரமா? இருக்கும். அப்பா பெல்ட்டால் அடித்து வளர்த்ததா? அதுவும் இருக்கும். கேட்காத கேள்வி ஒன்று பாக்கியில்லை. இவ்வளவு தூரம் தன்னைத் தோண்டிப் பார்க்கிறவன் கெட்டவனாக இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

இது நீலாம்பூரா? வந்துவிட்டது. நீங்கள் ஹோப் காலேஜில்தானே இறங்குகிறீர்கள்? டிக்கெட் எடுக்கும்போது கேட்டது. அதனால்தான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன், ஒளிப்பானேன்.

ஒரு சின்ன உதவி. கோர்ட் கேஸ் பற்றி இல்லை, அதை வக்கீல் பார்த்துக்கொள்வார், போடுகிற தண்டனையைப் போடட்டும். சங்கத்தில் நடத்தைக் குழு என்று ஒன்று இருக்கிறது. கூட்டத்தில் இருந்த காலேஜ் பிள்ளைகள் அதில் புகார் கொடுத்திருக்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் முடிவு. தீர்மானம் வந்தால் ஆயுளுக்கும் நான் நிற்க முடியாது. குழுவிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார்கள். இன்பசேகரன் ஒரு வரி எழுதினால் போதும், எங்களுக்குள் தீர்த்துக்கொண்டோம் என்று. அடுத்த வருடம் நான் நிற்கலாம். இறங்குகிற இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் ஆஸ்பத்திரி, நீலக் கண்ணாடிக் கட்டடம், மூன்றாவது மாடி. நான் அவன் பக்கத்தில் போகக்கூடாது, நிபந்தனை. போனை எடுப்பதில்லை. நீங்கள் போய், தெய்வம் அனுப்பினான் என்று சொல்லுங்கள்.

எப்படி எழுதுவான் என்கிறீர்களா? வலது கைதான் போனது, கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்களாம். இடது கையில் இரண்டு விரல் நன்றாகத்தான் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். ஒரு வரி அடிக்க இரண்டு விரல் போதாதா?

என்ன?

இல்லை, காதில் விழுந்தது. பஸ் சத்தத்தில்கூட விழுந்தது. ஒரு வரியைச் சேர்த்திருந்தால் முடிந்திருக்குமே, ஏன் சேர்க்கவில்லை என்கிறீர்கள். அந்தப் பெண் பெயரைப் போட்டிருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும் என்கிறீர்கள்.

நீங்களுமா?

உட்காருங்கள். ஸ்டாப் இன்னும் வரவில்லை. உட்காருங்கள் என்கிறேன் இல்லையா. எதற்குக் கண்டக்டரைக் கூப்பிடுகிறீர்கள்? நான் என்ன செய்துவிட்டேன்? உதறாதீர்கள். யாராவது உதறினால்தான் எனக்கு என்னவோ ஆகிவிடுகிறது. இது இடது கை, இதில் அவ்வளவு பலம்கூடக் கிடையாது. கையைப் பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான்.